மறுபடி பார்க்க எந்த ரத்தம்?

நல்ல படம் ஒன்றை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிக் கெடுப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நல்ல காட்சிக்கும் ஐந்து நொடி முன்னாலேயே சிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ‘பிரெய்ன்டெட்’ படத்தை இருபது வயதில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். பல வருடம் கழித்து, அதைப் பார்த்திராத நான்கு பேரை உட்காரவைத்துப் போட்டேன். சாப்பாட்டு மேசைக் காட்சி வந்தது. அந்த அம்மாவின் காது கழன்று கஸ்டர்டு கிண்ணத்தில் விழப்போகிறது என்று எனக்குத் தெரியும். விழுவதற்கு முன்பே என் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. நான்கு பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். காது விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்தக் கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ரத்தமும் கிண்டலும் கலந்த பழைய பேய்ப்படங்களில் எதை மறுபடி பார்க்கலாம், எதை நினைவிலேயே விட்டுவைக்கலாம்? முதல் தடவை இந்த வகைப் படம் மூன்று காலில் நிற்கிறது: பயம், அருவருப்பு, சிரிப்பு. மறுமுறை உட்காரும்போது கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது, பயம் போச்சு. குடலைக் கண்டு குமட்டியதும் பாதியாகிவிடும், ரப்பர் கண்ணில் பட ஆரம்பிக்கும். மீதிப் பாரம் முழுக்கச் சிரிப்பின் தலையில். அதனால் எதில் ரத்தம் அதிகம், எதில் பயம் அதிகம் என்று எடைபோட்டுப் பிரயோசனம் இல்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் சிரிப்பு வருகிறதா? அதை மட்டும் பார்த்தால் போதும்.

என் கணக்கில் போட்டி மூன்று படங்களுக்கு நடுவில். சாம் ரெய்மியின் ‘ஈவில் டெட் 2’ (1987), பீட்டர் ஜாக்சனின் ‘பிரெய்ன்டெட்’ (1992), ஸ்டூவர்ட் கார்டனின் ‘ரீ-அனிமேட்டர்’ (1985). மறுபடி பார்ப்பதைப் பற்றிய பேச்சு என்பதால் கதையை மறைக்கப்போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, மூன்றில் எதையாவது பார்த்துவிட்டு வரலாம்.

‘ஈவில் டெட் 2’ கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. காட்டுக்குள் ஒரு மரவீடு, ஒரு பழைய புத்தகம், வாய்விட்டுப் படித்ததால் எழுந்துவந்த தீய சக்தி. முதல் சில நிமிடங்கள் 1981-இல் வந்த முதல் படத்தின் சுருக்கம் போல இருக்கும். ஆனால் விவரங்கள் பொருந்தாது. முதல் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்த உரிமை கிடைக்காததால் அந்தச் சுருக்கத்தைப் புதிதாகவே எடுத்தார்கள். இது தொடர்ச்சியா, அதே படத்தின் மறுபதிப்பா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுவது அதனால்தான்.

இதில் மறுபடி பார்க்க வைப்பது ஒரே ஒரு ஆள்: புரூஸ் கேம்பெல். அவருடைய வலது கைக்குப் பேய் பிடித்துவிடுகிறது. அந்தக் கை தட்டு தட்டாக எடுத்து அவர் தலையிலேயே உடைக்கிறது, முடியைப் பிடித்து இழுக்கிறது, அவரையே தூக்கிக் குப்புற அடிக்கிறது. கேமரா தந்திரம் பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு மனிதன் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான், ஆனால் அடிப்பவன் வேறொருவன் என்று நம் கண் நம்பிவிடுகிறது. கடைசியில் ரம்பத்தை எடுத்துக் கையை வெட்டி, ஒரு வாளிக்குள் கவிழ்த்து, அது தப்பிக்காமலிருக்கப் புத்தகங்களை அடுக்குகிறார். மேலே இருக்கும் புத்தகத்தின் பெயரைக் கவனியுங்கள்: ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’. ஆயுதங்களுக்கு விடை கொடுப்பது என்றும் படிக்கலாம், கைகளுக்கு விடை கொடுப்பது என்றும் படிக்கலாம். முதல் தடவை பயத்தில் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம். இரண்டாம் தடவைக்கென்றே ஒளித்துவைத்த பரிசு மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த மான் தலைக் காட்சி. சுவரில் மாட்டிய மான் தலை திரும்பிச் சிரிக்கிறது. மேசை விளக்கு வளைந்து நிமிர்ந்து சிரிக்கிறது. புத்தகங்கள், அலமாரிக் கதவு, எல்லாம் சிரிக்கின்றன. நாயகனும் சேர்ந்து சிரிக்கிறார், விளக்கு ஆடுவதைப் போலவே தானும் ஆடிச் சிரிக்கிறார். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அலறலாக மாறுகிறது என்று சொல்ல முடியாது. நான் நான்கைந்து தடவை பார்த்தும் அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

குறை எங்கே என்றால், அவர் தனியாக இருக்கும்வரை படம் பறக்கிறது. மற்றவர்கள் வந்து சேர்ந்ததும் தரைக்கு வந்துவிடுகிறது. அவர்கள் வந்ததே சாவதற்குத்தான் என்று மறுமுறை தெரிந்துபோவதால், அந்தப் பாதியில் கை தானாகச் செல்போனைத் தேடும். ஒரு ஆறுதல் உண்டு. நிலவறையில் கிடக்கும் கிழவிப் பேயின் உடைக்குள் இருப்பது இயக்குநரின் தம்பி டெட் ரெய்மி. அந்தக் கனமான ரப்பர் உடைக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்ட, பேய் காற்றில் சுழலும் ஒரு காட்சியில் அந்த வியர்வை பேயின் காதோரமாக ஊற்றுவது அப்படியே தெரியும். எனக்கு அந்தப் பேய்மேல் பயம் போய்ப் பரிதாபம் வந்தது அந்தக் காட்சியில்தான். ரத்தம் இதில் சிவப்பாக மட்டும் இல்லாமல் பச்சையாகவும் கறுப்பாகவும் பாய்வதற்கும் காரணம் உண்டு: சிவப்பைக் குறைத்தால் தணிக்கையில் மிகக் கடுமையான சான்றிதழைத் தவிர்க்கலாம் என்று நினைத்தார்கள். அது பலிக்கவில்லை. அமெரிக்காவில் சான்றிதழே இல்லாமல்தான் வெளியானது.

சரி, ‘பிரெய்ன்டெட்’. நான் கெடுத்த படம். நியூசிலாந்தின் வெலிங்டன், 1957. அம்மாவின் முந்தானையை விட்டு வெளியே வராத மகன் லயனல். அவன் ஒரு பெண்ணோடு உயிரியல் பூங்காவுக்குப் போக, அம்மா ஒளிந்து பின்தொடர, அங்கே சுமத்ராவுக்குப் பக்கத்துத் தீவிலிருந்து பிடித்துவந்த எலிக்குரங்கு ஒன்று அம்மாவைக் கடிக்கிறது. அம்மா அழுகத் தொடங்குகிறாள். பையன் என்ன செய்கிறான்? உரிந்து தொங்கும் அம்மாவின் கன்னத்தோலைப் பசை போட்டு ஒட்டி, விருந்தாளிகளுக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைக்கிறான். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவனுக்குப் பிணத்தை விடப் பெரிய பயம்.

இதை இருபது வயதில் வெறும் அசிங்கமான நகைச்சுவையாகப் பார்த்தேன். இப்போது பார்த்தால், குடும்ப மானத்தைக் காப்பாற்ற நிலவறையில் பிணங்களை அடைத்துவைத்துச் சோறூட்டும் ஒருவனின் கதை. அம்மா, நர்ஸ், பாதிரியார், ஒரு ரௌடி, எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அவன் ஒவ்வொரு வாயிலும் கரண்டியால் ஊட்டுகிறான். ஒரு வாயில் போட்டது கழுத்து வழியாக வெளியே வருகிறது. அவன் முகத்தில் இருப்பது அருவருப்பே அல்ல, களைப்பு. நோயாளியைப் பார்த்துக்கொண்ட யாருக்கும் அந்த முகம் தெரியும். வயது ஏறினால் கனம் கூடும் காட்சி அது.

ஆனால் இந்தப் படம் நாடகத்துக்காகப் பெயர் வாங்கியதல்ல. கடைசி அரைமணி நேரத்துக்காக. வீடு நிறைய விருந்தாளிகள், எல்லோரும் நடைப்பிணமாகிவிட, லயனல் புல்வெட்டும் இயந்திரத்தைத் தலைகீழாக நெஞ்சோடு கட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறான். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் 300 லிட்டர் போலி ரத்தம் செலவானதாகச் சொல்லப்படுகிறது. பிணக்களத்தில் சிரிப்பது நமக்கொன்றும் புதிதில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சும். பல்தான் அரிசி. பந்தி பரிமாறும்போது குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஆளுக்கொரு கிண்டல் வேறு. ஒரு சொட்டு ரத்தம் பயமுறுத்தும், ஒரு குடம் குமட்டும், ஒரு குளம் ஆகிவிட்டால் சிரிப்பு வந்துவிடும் என்பது செயங்கொண்டாருக்கும் தெரிந்திருக்கிறது, ஜாக்சனுக்கும் தெரிந்திருக்கிறது. தரையெல்லாம் ரத்தமாகி, லயனல் ஓட ஓட ஒரே இடத்தில் வழுக்கிக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், அந்த இடம்.

அளவை நம்பிய சிரிப்புக்கு ஒரு வியாதி உண்டு. முதல் தடவை ‘இதற்கு மேல் என்ன செய்ய முடியும்’ என்று வாய் பிளந்த இடத்தில், மறுமுறை ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று தோன்றும். தனியாகப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. கூட்டத்தோடு பார்த்தால் தோன்றாது, ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் முதல் தடவை வாய் பிளக்கிறார், அது நமக்கும் தொற்றிக்கொள்கிறது. சாமர்த்தியமாக வாயை மூடிக்கொண்டு இருந்தால்.

இதில் இன்னொரு கண்ணி: எந்தப் பதிப்பு என்று பார்த்து எடுக்க வேண்டும். முழுப்படம் 104 நிமிடம். அமெரிக்காவில் ‘டெட் அலைவ்’ என்ற பெயரில் 97 நிமிடப் பதிப்பும், தணிக்கைக்குப் பயந்து வெட்டிய 85 நிமிடப் பதிப்பும் வந்தன. அந்த 85 நிமிடப் பதிப்பில் ரத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். ரத்தமே நகைச்சுவையாக இருக்கும் படத்தில் ரத்தத்தை வெட்டினால் மிஞ்சுவது என்ன? ஒருவன் புல்வெட்டும் இயந்திரத்தோடு ஏன் இவ்வளவு உற்சாகமாக இருக்கிறான் என்று புரியாமல் முழிப்பீர்கள். ‘பழைய ஞாபகத்துக்குப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை’ என்று சொல்பவர்களிடம் எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

‘ரீ-அனிமேட்டர்’ விஷயம் வேறு. மூன்றில் இதுதான் சிரிக்காத படம். அதாவது படத்துக்குள் இருப்பவர்கள் யாரும் தாங்கள் நகைச்சுவைப் படத்தில் இருப்பதாக நினைக்கவே மாட்டார்கள். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் 1920-களின் தொடக்கத்தில் தொடராக எழுதிய கதையை எடுத்து, சிகாகோ நாடக மேடையிலிருந்து வந்த கார்டன் தன் முதல் சினிமாவாகச் செய்தார். மேடை ஆள் என்பது தெரியும். நடிகர்கள் நேராக நின்று, வசனத்தைச் சுத்தமாகச் சொல்லி, பக்கத்தில் குடல் பறந்தாலும் அடுத்த வரிக்குப் போகிறார்கள்.

ஜெஃப்ரி கோம்ப்ஸ் நடித்த ஹெர்பர்ட் வெஸ்ட் மருத்துவ மாணவன். பிணத்துக்கு உயிர் கொடுக்கும் மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறான், பளபளவென்று ஒளிரும் பச்சைத் திரவம். வகுப்பில் பேராசிரியர் ஹில் பாடம் நடத்துகிறார். வெஸ்ட்டுக்கு அவர் சொல்வது தப்பு என்று தெரியும், வேறொருவரின் ஆய்வைத் திருடியவர் என்றும் தெரியும். கையைத் தூக்கிக் கேள்வி கேட்க மாட்டான். பென்சிலை உடைப்பான். ‘டக்’. ஹில் நிமிர்ந்து பார்ப்பார். மறுபடி பாடம். மறுபடி ‘டக்’. ஒரு சொட்டு ரத்தம் இல்லாத காட்சி. ஆனால் இந்த இருவரில் ஒருவர் தலை போகப்போகிறது என்று அந்தப் பென்சிலே சொல்லிவிடுகிறது.

போகிறது. வெஸ்ட் மண்வெட்டியால் ஹில்லின் தலையைத் துண்டிக்கிறான். அடுத்ததாக அவன் செய்வதுதான் இந்த வகைப் படங்களிலேயே எனக்கு மிகப் பிடித்த அரை நிமிடம். தலையையும் உடலையும் தனித்தனியாக உயிர்ப்பித்துப் பார்த்தால் என்ன என்று அவனுக்கு ஆராய்ச்சி ஆர்வம் வந்துவிடுகிறது. தலையை ஒரு தட்டில் நிமிர்த்தி வைக்கிறான். அது சாய்ந்து விழுகிறது. மறுபடி நிமிர்த்துகிறான், மறுபடி விழுகிறது. முகத்தில் பதற்றமில்லை, ஆடும் மேசைக்காலுக்குக் கீழே வைக்க அட்டைத்துண்டு தேடுபவனின் எரிச்சல் மட்டும். சுற்றிலும் பார்க்கிறான், மேசையில் காகிதங்களைக் குத்திவைக்கும் கம்பி இருக்கிறது. காகிதங்களை உருவிவிட்டு, அந்தக் கம்பியில் தலையை இறக்குகிறான். நிற்கிறது. திருப்தி. குறிப்பெடுக்கத் தொடங்குகிறான்.

இந்தச் சிரிப்பு தெரிந்தபின் குறையவில்லை, கூடுகிறது. ஏனென்றால் இதில் அதிர்ச்சிக்கு வேலையே இல்லை. ஒரு குணத்துக்குத்தான் சிரிக்கிறோம். தெரிந்த ஆள் தன் குணத்தை மாற்றாமல் அடுத்த காரியத்தைச் செய்யும்போது வரும் சிரிப்பு அது, உறவில் ஒரு கஞ்சனைப் பற்றிய கதையை நூறாவது தடவை கேட்டாலும் சிரிக்கிறோமே, அது போல. அறைத்தோழனின் பூனை வெஸ்ட்டின் குளிர்ப்பெட்டியில் செத்துக் கிடக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று தோழன் கேட்கிறான். வெஸ்ட்டுக்கு அது கேள்வியாகவே படவில்லை. பூனை செத்தது, விவரம் பின்னர் என்று சீட்டு எழுதியா வைக்க முடியும் என்கிறான். பிறகு அந்தப் பூனையை உயிர்ப்பிக்கிறான், அது பாய்கிறது, நிலவறையில் பல்பு இங்குமங்கும் ஆட, இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி அடிக்க, ஒரு பஞ்சடைத்த பொம்மையோடு இரண்டு பேர் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள். பொம்மை என்பது தெளிவாகவே தெரிகிறது. பணம் இல்லாத படம். அந்த ஆடும் பல்புதான் பாதி மானத்தைக் காப்பாற்றுகிறது.

ரிச்சர்ட் பேண்டின் தொடக்க இசை ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் போட்ட இசையை வெளிப்படையாகவே நினைவுபடுத்தும். முதல் தடவை திருட்டு என்று தோன்றியது. இப்போது, பேராசிரியரின் ஆய்வுத் திருட்டைப் பற்றிய படத்துக்குப் பொருத்தம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு காட்சி மட்டும் மறுபடி பார்க்கும்போது தொண்டையில் சிக்குகிறது. துண்டித்த தலையைத் தூக்கிக்கொண்டு ஹில்லின் உடல், கட்டிவைக்கப்பட்ட பெண்ணை நெருங்கும் காட்சி. அந்தக் காலத்தில் துணிச்சல் என்று பேசப்பட்டது. அந்தப் பெண்ணாக நடித்த பார்பரா கிராம்ப்டன் அந்தக் காட்சியிலும் நடிப்பைக் கைவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் சிரிப்பு அங்கே அவளை ஒரு பொருளாக ஆக்கித்தான் வருகிறது. வெஸ்ட்டின் குரூரத்துக்கு இருக்கும் குணச்சித்திரம் அந்தக் காட்சிக்கு இல்லை. புதிதாகப் பார்ப்பவரோடு உட்கார்ந்தால், இப்படி ஒன்று வருகிறது என்று முன்பே சொல்லிவிடுவது மரியாதை. இந்த ஒரு விஷயத்தில் முன்கூட்டிச் சொல்வது படத்தைக் கெடுக்காது.

இதற்கும் பதிப்புத் தொல்லை உண்டு. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத மூலப் பதிப்பு 86 நிமிடம். பிறகு ரத்தத்தை வெட்டி, அந்த இடத்தை நிரப்ப ஏற்கெனவே கழித்துக்கட்டிய பேச்சுக் காட்சிகளைச் செருகி வீடியோவுக்கு ஒன்று வந்தது. இரண்டையும் சேர்த்து 105 நிமிடத்துக்கு ஒரு முழுப்பதிப்பும் கிடைக்கிறது. அதில் ஹில்லுக்கு மனோவசியம் தெரியும் என்று ஒரு கிளைக்கதை. ஆர்வத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். ஆனால் வெஸ்ட் அவசரக்காரன், படமும் அவனைப் போல அவசரமாக ஓட வேண்டும். 86 நிமிடம் போதும்.

போட்டிக்கு வெளியே இரண்டு பெயர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். ஜான் லேண்டிஸின் ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ (1981) மறுபார்வைக்கு அருமையான படம். செத்துப்போன நண்பன் ஒவ்வொரு தடவை வரும்போதும் இன்னும் கொஞ்சம் அழுகியிருப்பான், ஆனால் பேச்சு மட்டும் அதே நட்பு மாறாத பேச்சு. ரிக் பேக்கருக்கு ஒப்பனைக்கான ஆஸ்கர் வாங்கித்தந்த அந்த உருமாற்றக் காட்சி, இருட்டில் ஒளிக்காமல் பளீரென்ற வெளிச்சத்தில் எடுத்தது, இன்றும் நிற்கிறது. ஆனால் முடியும்போது துக்கம். சிரிக்க உட்கார்ந்தவரைக் கனத்த மனதோடு அனுப்பும். ‘ஷான் ஆஃப் த டெட்’ (2004) நேர்மாறு. மறுமுறைக்காகவே நெய்த படம், நண்பன் மறுநாள் குடிக்கப்போகும் திட்டத்தைச் சொல்லும் வசனத்திலேயே முழுக்கதையும் ஒளிந்திருக்கிறது. ஆனால் ரத்தத்துக்காக ஏங்கும் இரவில் அது கொஞ்சம் சுத்தமான படம்.

ஆக, நான்கைந்து பேர் கூடியிருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் பார்த்ததில்லை என்றால், யோசிக்காமல் ‘பிரெய்ன்டெட்’, 104 நிமிடப் பதிப்பு. உடம்பு அசதி, கதையைப் பின்தொடரத் தெம்பில்லை, ஆனால் ஒரு மனிதன் படும் பாட்டைப் பார்க்க வேண்டும் என்றால் ‘ஈவில் டெட் 2’. அதையும் முழுக்கப் பார்க்க வேண்டுமென்று கட்டாயமில்லை, மான் தலை சிரித்து முடித்ததும் தூங்கப் போகலாம். ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம், தனியாக அல்லது இன்னொருவரோடு என்றால் என் கை ‘ரீ-அனிமேட்டர்’ பக்கம்தான் போகும். மற்ற இரண்டும் என்னை அசத்தப் பார்க்கின்றன. அசந்து முடித்தவனுக்கு அவற்றிடம் வேலை குறைவு. வெஸ்ட் என்னைக் கவனிப்பதே இல்லை, அவனுக்குத் தலையை நிமிர்த்தி வைக்கும் வேலை இருக்கிறது.

அந்த நான்கு பேரில் ஒருவர் மட்டும் இன்னும் என்னோடு படம் பார்க்கச் சம்மதிக்கிறார். சனிக்கிழமை இரவு ‘ரீ-அனிமேட்டர்’ என்று சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால் உட்காரட்டும். நான் பின்னால், என் தோள் அவர் கண்ணில் படாத இடத்தில்.